இருபத்து மூன்று குத்துக்கல்

அக்டோபர் 3, திங்கள்

சர்க்கரை 138. நடை இருபது நிமிடம். இரண்டு இட்லி.

இந்த நாட்குறிப்பு டாக்டர் போட்ட உத்தரவு. தினமும் இந்த மூன்று விஷயத்தை எழுதினால் போதும் என்றார். அதற்கு ஒரு முழுப் பக்கம் எதற்கு என்று தெரியவில்லை. முப்பது வருடம் வேலைத்தளத்தில் அளவுப் புத்தகம் எழுதியவன் நான். பக்கத்தில் இடம் காலியாகக் கிடந்தால் கை சும்மா இருக்காது. சரோஜினி மகளின் பிரசவத்துக்காக ஓசூர் போய்ப் பத்து நாளாகிறது. வீட்டில் பேச ஆள் இல்லை. ஆகவே இங்கே பேசுகிறேன்.

கலெக்டர் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. பனையாத்தூர் ஏரியை ஆக்கிரமித்திருக்கும் வீடுகளை மழை வலுப்பதற்குள் எடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஏரி நிறைந்தால் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று நான் அளந்து, கோடு போட்டு, கையெழுத்திட வேண்டும். கோட்டுக்கு உள்ளே இருந்தால் ஆக்கிரமிப்பு, வெளியே இருந்தால் வீடு. மேட்டுத்தெரு முழுக்க, நாற்பத்தொரு வீடும், உள்ளேதான் வரும் என்பது அளக்காமலே எனக்குத் தெரியும். வருடா வருடம் நவம்பரில் அங்கே முழங்கால் தண்ணீர் நிற்கிறது.

தெருக்காரர்கள் மனுக் கொடுத்ததால் கலெக்டர் ஒரு குழு போட்டிருக்கிறார். உதவி செயற்பொறியாளர் என்ற முறையில் நான், பிறகு தாசில்தார். மூன்றாவது ஆள்தான் வேடிக்கை: அரசுக் கலைக் கல்லூரியில் வரலாறு நடத்தும் ஷமீமா பேகம். தண்ணீர் மட்டம் பார்க்கிற இடத்தில் அசோகர் மரம் நட்ட கதைக்கு என்ன வேலை என்று தாசில்தாரிடம் கேட்டேன். அவர் போனிலேயே சிரித்தார்.

எனக்கு மே மாதம் ஓய்வு. அதுவரை ஒரு வம்பும் இல்லாமல் போய்ச் சேர வேண்டும்.

அக்டோபர் 6, வியாழன்

சர்க்கரை 141. தோசை மாவு புளித்துவிட்டது. அதையே ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஷமீமா பேகம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும். பெரிய பிரசங்கம் நடக்கப் போகிறது என்று தயாராக உட்கார்ந்திருந்தேன். அவரோ ஜன்னல் பக்கமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியையும் இரண்டு பென்சிலையும் எடுத்து வைத்தார். பழைய காகிதத்துக்கு முன்னால் பேனாவைத் திறக்க மாட்டாராம். மை சிந்தினால் போன நூற்றாண்டிடம் மன்னிப்புக் கேட்க முடியாது என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

கோட்டைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டதெல்லாம் வருடம். மேட்டுத்தெரு எந்த வருடம் வந்தது? அங்கே தண்ணீர் ஏற ஆரம்பித்தது எந்த வருடம்? இரண்டில் எது முதலில்? ஏரி நிறைந்து உபரித் தண்ணீர் வழிந்து போகும் கலங்கலின் பழைய மராமத்துக் கோப்புகளைக் கேட்டார். கரையான் தின்றுவிட்டது என்றேன்.

போகும்போது பீரோ மேல் இருந்த கேடயத்தைப் பார்த்து எதற்குக் கொடுத்தது என்று கேட்டார். ஏதோ பழைய சங்கதி என்றேன். பீரோ சாவி என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. ஆனால் அந்த பீரோவைத் திறந்தால் எனக்குத் தும்மல் வரும்.

அக்டோபர் 7, வெள்ளி

145. நடை பதினைந்து நிமிடம். மழை தூறியது.

அக்டோபர் 11, செவ்வாய்

மேட்டுத்தெருவுக்குப் போனோம். நான், ஷமீமா, ஏரியைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் கன்னியப்பன். தாசில்தாருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

மனுவில் முதல் கையெழுத்துப் போட்டிருக்கும் தெய்வானையின் வீட்டில் உட்கார வைத்தார்கள். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறார். அன்று இரண்டாம் ஷிப்ட் என்பதால் வீட்டில் இருந்தார். வீட்டில் எல்லாப் பொருளும் உயரத்தில் இருக்கிறது. அரிசி டின் பரண் மேல், பிள்ளைகளின் புத்தகம் அதற்கு மேல். கட்டிலின் நான்கு காலுக்கும் மும்மூன்று செங்கல்.

வாசல் நிலைக்காலில் ஆணியால் கீறிய கோடுகள். ஒவ்வொரு வருடமும் தண்ணீர் ஏறிய உயரம், பக்கத்தில் வருடம். ஷமீமா தரையில் மண்டியிட்டு, எல்லாக் கோட்டையும் விட்டுவிட்டு மிகப் பழைய கோட்டைத் தேடிப் படம் எடுத்தார். 2001 என்று இருந்தது. அதற்கு முந்தையது எங்கே என்று கேட்டார்.

"அதுக்கு முன்னாடி எதுக்கும்மா கோடு போடப் போறோம்? தண்ணி அந்த வேப்பமரத்துக்கு இந்தாண்ட வந்ததே இல்ல" என்றார் தெய்வானை.

நான் எழுந்து வேப்பமரத்தைப் பார்க்கப் போனேன். வீட்டிலிருந்து நூறு தப்படி, நல்ல சரிவு. வாய்வார்த்தை ஆதாரம் ஆகாது என்று திரும்பி வந்து சொன்னேன். ஷமீமா 2015 கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்; அதுதான் எல்லாவற்றிலும் உயரம், என் இடுப்புக்கு மேலே. எழுத்தும் மற்றதைப் போல இல்லை, கோணலாக இருந்தது.

"அதுலேர்ந்து நான் போட்டது. அதுக்கு முன்னாடி எல்லாம் எங்க ஊட்டுக்காரரு போட்டது. அந்த வருசம் தண்ணியில நின்னுக்கினு மோட்டார் சுவிட்சைத் தொட்டுட்டாரு."

டீ கொடுத்தார். சர்க்கரை போட்டிருந்தது. முழுக்கக் குடித்துவிட்டேன்.

அக்டோபர் 12, புதன்

171. நடக்கவில்லை.

அக்டோபர் 17, திங்கள்

166.

மாவட்ட ஆவண அறையில் நான்கு நாள் தூசியில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார் ஷமீமா. கண்ணெல்லாம் சிவப்பு. 1907-ஆம் வருடத்து ஏரிக் குறிப்பேடு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி வாசித்தார். வாசிக்க வாசிக்க நான் எழுதிக்கொண்டதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"மேற்படி ஏரிக் கலங்கலில் நாட்டியிருக்கும் குத்துக்கல் இருபத்து மூன்று. கல்லுக்கும் கல்லுக்கும் சந்து இரண்டடி. மழை நாளில் சந்துகளைத் திறந்து வைத்து, கார்த்திகை தீபம் கழிந்த எட்டாம் நாள் வைக்கோலும் களிமண்ணும் கொண்டு கல்லில் முக்கால் உயரம் அடைக்கிறது. பெருமழை கண்டால் உடனே பிடுங்குகிறது. இந்த ஊழியத்துக்காக மேட்டுத்தெருவார் அனுபவித்து வரும் மானியம் இரண்டு ஏக்கர், ஏரித் தண்ணீர் ஏறாத மேடு."

ஏரிக்குள் குடியேறியவர்கள் என்று நாங்கள் காலி செய்யப் போகிறவர்கள், அந்த ஏரியின் வாயைத் திறந்து மூடியவர்களின் பேரப்பிள்ளைகள். நிலமும் சும்மா வந்ததில்லை. தண்ணீர் ஏறாத மேடு என்று பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அதைவிட என்னை உலுக்கியது அந்தச் சந்து. முப்பது வருட சர்வீஸில் இவ்வளவு எளிமையான வேலையை நான் பார்த்ததில்லை. ஒரே கலங்கலுக்கு இரண்டு உயரம்! பெருமழைக் காலத்தில் சந்து திறந்திருக்கிறது, வெள்ளம் ஏரியில் ஏறாமல் வெளியே போகிறது. மழை ஓய்ந்ததும் அடைக்கிறார்கள், கடைசித் தண்ணீர் பயிருக்கு நிற்கிறது. கதவு இல்லை, சக்கரம் இல்லை, கிரீஸ் போட வேண்டியதில்லை. திருப்பிப் பிடுங்க ஒரு மணி நேரம் போதும். எனக்குப் பொறாமையாகவே இருந்தது, வாய்விட்டுச் சொன்னேன்.

ஷமீமா என் உற்சாகத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். "அந்தக் காலத்து ஜனங்க ஞானிங்கன்னு மட்டும் ரிப்போர்ட்ல எழுதிடாதீங்க சார். இந்த எட்டாம் நாள்ங்கறதே மேல்கரைக்கும் கீழ்க்கரைக்கும் மண்டை உடைஞ்சு, கேஸ் நடந்து, அப்புறமா வந்த ஏற்பாடு. பறை அடிச்சா மேட்டுத்தெரு ஆளுங்க ஓடி வரணும். வராட்டா அடி. அதுவும் இதே நோட்டுல இருக்கு."

பிறகு, பென்சிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, அந்த இருபத்து மூன்று கல்லும் இப்போது எங்கே என்று கேட்டார். நூறு வருடம் ஆகிறதே, போயிருக்கும் என்றேன்.

அக்டோபர் 19, புதன்

182. பாகற்காய் வாங்கினேன், சமைக்கவில்லை.

கலங்கலைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போனேன். வழவழப்பான சிமெண்டுச் சுவர், நான்கரை அடி உயரம், ஒரு விரிசல் இல்லை. கட்டினவன் நன்றாகத்தான் கட்டியிருக்கிறான். ஷமீமா சுவரின் மேல் குனிந்தபடியே முழு நீளமும் நடந்தார். தெற்கு முனையில் உட்கார்ந்து பாசியைச் சுரண்டினார். ஈரச் சிமெண்டில் ஆணியால் எழுதியது அப்படியே இருந்தது: த.கு. 14-8-2001.

யார் இந்த த.கு. என்று கன்னியப்பனிடம் கேட்டார். கன்னியப்பன் என்னைப் பார்க்கவே இல்லை. "அது யாரோ கொத்தனாரும்மா. ஆரணிப் பக்கத்து ஆளு" என்றான்.

அவனுக்கு அன்று நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகவே சொன்னான்.

அக்டோபர் 20, வியாழன்

2001-இல் இந்தப் பக்கம் ஓர் உதவிப் பொறியாளன் இருந்தான். அவனைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும்.

மூன்று வருடம் மழை பொய்த்திருந்தது. கீழ்க்கரை விவசாயிகள் தினமும் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். குத்துக்கல் சந்துகளை அடைக்கும் வழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது. எதற்கு அந்தச் சந்து என்று சொல்ல ஆளில்லை, அவனும் யாரையும் கேட்கவில்லை. அவன் கண்ணுக்கு அது பழுது. ஏரியில் வரும் கொஞ்சத் தண்ணீரும் இருபத்திரண்டு ஓட்டை வழியாக வீணாகப் போவதாகவே தெரிந்தது. ஓட்டை என்றால் அடைக்கத்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சந்துகளை அடைத்து, கல்லையும் உள்ளே வைத்துப் பூசி, இருக்கட்டும் என்று மேலே இன்னும் ஒன்றரை அடி ஏற்றினான். ஏரி கூடுதல் தண்ணீர் பிடித்தது. மாலை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள். அந்த வேலையில் ஒரு மூட்டை சிமெண்டுகூட அவன் கையாடியதில்லை.

அவன் கெட்டவன் இல்லை. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

அக்டோபர் 24, திங்கள், தீபாவளி

218.

சரோஜினி போனில் எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பக்கத்து வீட்டு அதிரசம் மூன்று தின்றேன்.

தாசில்தார் ஆள் அனுப்பிக் கோடு போட்ட வரைபடத்தைக் கொடுத்துவிட்டார். நான் அளந்தபடிதான் போட்டிருக்கிறார், தப்பில்லை. கலங்கலின் இப்போதைய உயரத்தை வைத்துப் பார்த்தால் நாற்பத்தொரு வீடும் ஏரிக்குள். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. இருபத்தெட்டாம் தேதி கடைசி.

மாலையில் கரை வரைக்கும் நடந்தேன். மேட்டுத்தெருவில் பிள்ளைகள் சரவெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். தெய்வானை வாசலில் செங்கற்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார், கட்டில் காலுக்கு இன்னொரு வரிசை வைக்க. வீட்டையே இடிக்கப் போகிறார்கள் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. அவர் செங்கல் அடுக்குகிறார்.

அக்டோபர் 26, புதன்

203.

ஷமீமா தன் பங்கு அறிக்கையோடு வந்தார். மூன்றே பக்கம். குறிப்பேட்டில் இருப்பது என்ன, நிலைக்காலில் இருப்பது என்ன, சுவரில் இருக்கும் தேதி என்ன. எங்கும் யார் மேலும் பழி இல்லை. வெள்ளம் 2001-இல் தொடங்கியதற்கும் சுவருக்கும் தொடர்பு உண்டா என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும் என்று முடித்திருந்தார். இரண்டு தடவை வாசித்தேன். எவ்வளவு சுத்தமான வேலை! எனக்குத் தெரியாததை நான் சொல்ல மாட்டேன், உனக்குத் தெரிந்ததை நீ சொல் என்று மூன்று பக்கத்தில் எழுதிவிட்டார்.

அந்த த.கு. யாரென்றால், என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார். உங்க மேஜை மேல பெயர்ப்பலகை இருக்கே, த. குணசீலன்னு. வந்த அன்னிக்கே பார்த்தேன்."

பிறகு ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"நான் சொன்னா அது குற்றச்சாட்டு. நீங்க எழுதினா அது ஆவணம். எனக்கு ஆவணம்தான் வேணும்."

அதற்கப்புறம் தன் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். இருபத்திரண்டு பேர் இருக்கிறார்களாம். இந்தப் பாடத்தால் என்ன பிரயோஜனம் என்று வருடா வருடம் யாராவது ஒருவர் கேட்பாராம். நானும் அதைத்தான் கேட்டிருப்பேன் என்று சொன்னேன். சிரித்தார்.

அவர் போனபின் பீரோவைத் திறந்தேன். தும்மல் வரவில்லை. கோப்பு முழுசாக இருந்தது, கரையான் ஒரு மூலையைக்கூடத் தொடவில்லை.

அக்டோபர் 27, வியாழன்

எழுதிவிட்டேன். ஏரியின் உண்மையான மட்டம் குத்துக்கல்லின் மட்டம். இப்போதைய மட்டம் 2001-இல் என்னால் உயர்த்தப்பட்டது. மேட்டுத்தெரு ஏரிக்குள் போகவில்லை, ஏரிதான் மேட்டுத்தெருவுக்குள் போனது. உயர்த்தியதைப் பெருமழைக்கு முன் அகற்ற வேண்டும். கீழே என் பெயரை முழுசாக எழுதினேன்.

ஏழு மாதத்தில் ஓய்வு. இதற்கு ஒழுங்கு நடவடிக்கை என்று 17-பி நோட்டீஸ் வந்தால் ஓய்வே நிற்கும், விசாரணை முடியும் வரை பென்ஷன் வராது. சரோஜினியிடம் சொன்னேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

அக்டோபர் 28, வெள்ளி

அறிக்கையைக் கொடுத்துவிட்டு நேராக மேட்டுத்தெருவுக்குப் போனேன். பேப்பரில் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. ஷமீமாவையும் கூப்பிடவில்லை, கன்னியப்பனையும் கூப்பிடவில்லை.

தெய்வானை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். சந்து, சிமெண்டு, ஒன்றரை அடி, ஆணியால் எழுதிய எழுத்து எல்லாம். 2015-ஐப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவர் நிலைக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. ஐம்பத்தொன்பது வயதில் அடுத்தவர் வாசலில் நின்று அழுவது அவருக்குத்தான் கூடுதல் தொல்லை.

கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. டிபன் பையை எடுத்துக்கொண்டார்.

"அந்தச் செவுத்த எப்ப இடிக்கறீங்க?" என்று கேட்டார். அனுமதி வந்ததும் என்றேன். "அன்னிக்கு நான் லீவு போட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

நவம்பர் 2, புதன்

159.

ஒரே தபாலில் இரண்டு உறை. ஒன்று, கலெக்டர் உத்தரவு: எல்லையைப் பழைய குறிப்பேட்டின்படி நிர்ணயிக்கவும், வீடுகளை எடுக்கும் நடவடிக்கை நிறுத்தம், கலங்கலை உடனே பழைய நிலைக்குக் கொண்டுவரவும். இன்னொன்று 17-பி. இரண்டுக்கும் ஒரே பேனாவால் கையெழுத்திட்டு வாங்கினேன்.

நவம்பர் 5, சனி

நடை: சொல்ல முடியாது, நாள் முழுக்கக் கரையில்.

ஏரியில் பாதிகூடத் தண்ணீர் ஏறவில்லை, நல்லதாகப் போயிற்று. மேல் ஒன்றரை அடியை மெஷின் வைத்து உடைத்தோம். அதற்குக் கீழே மெஷின் வேண்டாம், உள்ளே கல் இருக்கிறது, உளியும் சம்மட்டியும்தான் என்று சொல்லிவிட்டேன். ஆட்கள் முணுமுணுத்தார்கள்.

தெய்வானை வந்திருந்தார். தெற்கு முனைக்குப் போய், த.கு. என்று எழுதியிருந்த இடத்தில் நின்றார். கன்னியப்பன் சம்மட்டியைக் கொடுத்தான். முதல் அடி வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டாவது அடியில் சரியாகப் பிடித்தார். அதற்குப்பின் எத்தனை அடி என்று எண்ணவில்லை, யாரும் அவரை நிறுத்தவும் இல்லை. எழுத்து உடையாமல், பலகை போல ஒரே துண்டாகப் பெயர்ந்தது. அதை ஓரமாக எடுத்து வைக்கச் சொன்னார்.

நான்கு மணிக்கு முதல் குத்துக்கல் முழுசாக வெளியே வந்தது. கருங்கல், மூன்றடி உயரம். சந்தின் பக்கமாக இருந்த இரண்டு முகத்திலும் மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் ஓடியது. என்னவென்று புரியாமல் விரலால் தடவிப் பார்த்தேன். வைக்கோல் பிரி நழுவாமல் உட்கார வேண்டும் என்று செதுக்கியிருக்கிறான். இதை அன்று பார்த்திருந்தால் இது ஓட்டை இல்லை என்று எனக்கே தெரிந்திருக்கும். நான் அன்று பார்க்கவே இல்லை, பூசச் சொல்லிவிட்டு நிழலுக்குப் போய்விட்டேன்.

யார் செதுக்கினானோ, பேர் தெரியாது. அந்தக் கையைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

நவம்பர் 9, புதன்

இருபத்து மூன்றும் இருக்கின்றன. ஒன்றுகூட உடையவில்லை.

நவம்பர் 12, சனி

இரண்டு நாளாக விடாத மழை. மத்தியானம் ஏரி நிறைந்து கோடி போயிற்று. இருபத்திரண்டு சந்திலும் தண்ணீர் தனித்தனியாகப் பாய்ந்து, கீழே போய் ஒன்றாகிறது. ஷமீமா தன் பிள்ளைகளை வேனில் கூட்டி வந்திருந்தார். குடை பிடித்துக்கொண்டு குறிப்பு எழுதினார்கள், பென்சிலால்.

நவம்பர் 20, ஞாயிறு

147.

போன வியாழக்கிழமை கீழ்க்கரைப் பாசனச் சங்கத் தலைவர் பச்சையப்பன் ஆறு பேரோடு வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்பது வீட்டுக்காக முந்நூறு ஏக்கர் தண்ணீரை ஆற்றில் விடுகிறீர்களே என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எட்டாம் நாள் அடைத்தால் பயிருக்கு வேண்டியது நிற்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன், முழுசாக நம்பவில்லை. ஷமீமாவிடம் போனில் சொன்னபோது, 1907-இலும் இதே சண்டைதான், பெயர்தான் வேறே என்றார். அடைக்கும் நாளில் கீழ்க்கரை வைக்கோல் கொண்டுவர வேண்டும், கூலி சங்கம் கொடுக்க வேண்டும், பறைக்கும் அடிக்கும் இனி இடமில்லை என்று எழுதி இரண்டு தரப்பிடமும் கையெழுத்து வாங்கலாம் என்று யோசனை சொன்னார். பச்சையப்பன் மூன்றாம் நாள் கையெழுத்திட்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

டிசம்பர் 10, சனி

நேற்றுப் புயல். சந்துகள் இன்னும் அடைபடவில்லை; தீபம் போய் நான்காம் நாள்தான். காலையில் மழை விட்டதும் ஓடினேன். வழியெல்லாம் மரக்கிளைகளைத் தாண்டித் தாண்டிப் போனேன். 2015-இல் பெய்ததற்குக் குறையாத மழை. நான் போட்ட கணக்குத் தப்பாகியிருந்தால் என்ற நினைப்பில் இரண்டு இடத்தில் நின்றேன்.

தண்ணீர் வேப்பமரத்துக்கு ஒரு தப்படி கீழே நின்றிருந்தது. குப்பையும் நுரையும் அங்கே வளைவாக ஒதுங்கியிருந்தன, யாரோ கோடு போட்ட மாதிரி.

தெய்வானை வாசலில் நின்றார். கையில் ஆணி. பழக்கத்தில் எடுத்துவிட்டார் போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் ஆணியை முந்தானையில் முடிந்துகொண்டு, தண்ணீரைக் காட்டினார். எனக்கு அழுகை வந்தது, இந்தத் தடவை அடக்கவில்லை.

டிசம்பர் 14, புதன்

129. இரண்டு இட்லி, வேலைத்தளத்தில் இரண்டு போண்டா. டாக்டரிடம் போண்டாவைச் சொல்வதாக இல்லை.

எட்டாம் நாள். கீழ்க்கரையிலிருந்து இரண்டு டிராக்டர் வைக்கோல் வந்தது. களிமண் ஏரியிலேயே இருக்கிறது. எப்படி அடைப்பது என்று உயிரோடு இருக்கும் யாருக்கும் தெரியாது. கன்னியப்பன் ஒரு விதமாகச் சொன்னான், பச்சையப்பன் வேறு விதமாகச் சொன்னார், முதல் சந்து இரண்டு தடவை பிய்த்துக்கொண்டு போயிற்று. கடைசியில் கல்லில் இருந்த பள்ளமே சொல்லிக் கொடுத்தது: பிரியை முறுக்கி, மேலிருந்து பள்ளத்தில் இறக்கி, பிறகுதான் மண். தோல் தைக்கும் கை என்பதால் பிரி முறுக்குவது தெய்வானைக்குச் சட்டென்று வந்தது. மூன்று மணிக்குள் இருபத்திரண்டும் முடிந்தன. ஷமீமா முழங்கால் வரை சேறோடு ஒவ்வொன்றையும் படம் எடுத்தார். அடுத்த வருடம் இவ்வளவு திண்டாட வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் தெய்வானை டீ குடிக்கக் கூப்பிட்டார். படி ஏறப் போனவன் நின்றுவிட்டேன். வாசலில் புதுசாக ஒரு படி. சிமெண்டுப் பலகை. எழுத்து மேலே பார்த்தபடி இருக்கிறது: த.கு. 14-8-2001.

கால் வைக்க முடியவில்லை. இதைத் தூக்கிப் போட்டுவிடலாமே, நானே ஆள் அனுப்புகிறேன் என்றேன்.

"கெடக்கட்டும் சார்" என்றார். "யாரு செஞ்சது, எப்ப செஞ்சதுன்னு எழுத்து இருக்கணும். இல்லன்னா நாளைக்கு இன்னொருத்தர் வந்து மறுபடியும் பூசிடுவாரு."

என் பெயரை மிதித்துத்தான் உள்ளே போனேன். டீயில் இந்தத் தடவை சர்க்கரை போடவில்லை. கன்னியப்பன் சொல்லியிருக்க வேண்டும்.